‘ஜான்’ எந்தத் தோட்டத்துப் பிள்ளை?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சிந்தோக்கிலும் பீடோங்கிலும் கணினித்துறை பயிலும் நம் மாணவர்கள் பலர் ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் சோதனைகளும் இந்த ரகம்தான்.

யூனிட் டெஸ்ட் எழுதும்போது தரவுத்தளத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் மாடலின் ‘ஃபைண்ட்ஒன்’ கட்டளைக்குப் பதிலாக ஒரு போலியை, அதாவது ‘மோக்’கை வைக்கிறோம். ஜெஸ்ட்டில் அது ஒரே வரி வேலை. எதைத் தேடச் சொன்னாலும், நாம் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த பதிலை அது ஒப்பிக்கும். அந்தப் பதிலில் நாம் எழுதிவைக்கும் பெயரோ ‘ஜான்’!

நம் பெயர்கள் அப்படியா இருக்கின்றன? நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி நிற்கிறது. ஒரு பாரத்தில் பேரெழுத்து, இன்னொன்றில் சிற்றெழுத்து. தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதியதால் அண்ணன் முனியாண்டிக்குக் கடைசியில் ‘ஐ’, தம்பி பெயரில் அப்பா முனியாண்டிக்கு ‘ஒய்’.

பீடோங் பக்கத்துத் தோட்டத்து மாணவி ஒருத்தி உதவிநிதிக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெயரை முழுவதும் பேரெழுத்தில் பதிகிறாள். தேடுபவர் ஏ/பியை மட்டும் சிற்றெழுத்தில் தட்டுகிறார். மைஎஸ்கியூஎல் தன் வழக்கமான அமைப்பில் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். மோங்கோடிபியும் போஸ்ட்கிரெஸும் அப்படிக் கொள்ளா. ‘பதிவு இல்லை’ என்று திரையில் வரும். அவள் விண்ணப்பம் அதோடு கிடப்பில் கிடக்கும். சோதனையோ அன்றும் பச்சைதான் காட்டியிருக்கும். கவரேஜ் விழுக்காட்டை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் விரிவுரையாளருக்கும் மகிழ்ச்சி.

போலியே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. தரவுத்தள இணைப்பு அறுந்தால் நம் நிரல் என்ன செய்யும் என்று பார்க்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. கட்டணக் கணக்கு, தகுதி விதி இவற்றுக்கும் போலி போதும். ஆனால் வினவல் சரியா என்பதைத் தரவுத்தளத்திடம்தான் கேட்க வேண்டும். மோங்கோவுக்கு ‘மோங்கோடிபி மெமரி சர்வர்’ இருக்கிறது. உண்மையான மோங்கோவையே சோதனைக்காகத் தற்காலிகமாக ஓட்டும். சாதாரண மடிக்கணினி தாங்கும். போஸ்ட்கிரெஸ்காரர்கள் டாக்கரில் ஒன்றை எழுப்பிக்கொள்ளலாம். சிலர் சிக்கனம் பார்த்து எஸ்கியூலைட்டில் சோதித்துவிட்டுப் போஸ்ட்கிரெஸில் ஓட்டுகிறார்கள். எஸ்கியூலைட்டின் ‘லைக்’ ஆங்கிலப் பேரெழுத்து, சிற்றெழுத்து பார்ப்பதில்லை. போஸ்ட்கிரெஸின் ‘லைக்’ பார்க்கும். ஆக அதுவும் அரைப் போலியே.

சோதனைப் பதிவுகளில் ‘ஜானை’ எடுத்துவிட்டு, சாய்கோட்டோடு நம் பெயர்கள் நாலைந்தைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பேரெழுத்தில் ஒன்று, சிற்றெழுத்தில் ஒன்று, ஏ/எல் விடுபட்டது ஒன்று.