ஊட்டிக்குப் போகும் வேனில் தண்ணீர்

சிங்கப்பெருமாள் கோவிலில் மே மாத மத்தியானம் குழாயைத் திறந்தால் கை சுடும். அந்த சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீருக்குப் பழகிய நமக்கு, குழாய்க்குள் தண்ணீர் உறையும் என்றால் சிரிப்புதான் வரும். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த வேனை ஜனவரியில் ஊட்டிக்கு ஓட்டுகிறவர்கள் சிரிக்காமல் கேட்கலாம். அது உறைபனிக் காலம். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் விடியும்போது புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும். தொட்டியில் காலியிடம் இருந்தால் தப்பிக்கும். பம்பும், வண்டிக்கு அடியில் ஓடும் மெல்லிய குழாயின் எல்போவும்தான் முதலில் வாய் பிளக்கும். அதுவும் உடனே தெரியாது. வெயில் ஏறி, உறைந்தது உருகி, மெத்தை நனையும்போதுதான் தெரியும். வேன் வாங்கும்போது டிவி எத்தனை இன்ச் என்று விசாரிக்கிறோம், தொட்டியை வடிக்கும் வால்வு எங்கே என்று யார் கேட்கிறார்கள்? படுக்குமுன் அதைத் திறந்து வடித்து, பம்பைச் சில விநாடி ஓட்டி, குழாய்களைத் திறந்தே விட்டால் போதும். உறையாமலிருக்க என்று புத்திசாலித்தனமாகத் தொட்டியில் ரேடியேட்டர் கூலன்ட்டை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைகால், விஷம். குடிக்கத் தனியாக ஒரு கேன். ராத்திரி அது உள்ளே, போர்வைக்குப் பக்கத்தில்.