சூட்கேஸில் போகும் மீன் எண்ணெய்

ஊருக்குப் போற நம்மாளுங்க பெட்டியைத் திறந்து பார்த்திருக்கீங்களா? சாக்லேட், சென்ட், கைலியில் சுற்றிய லேப்டாப், அப்புறம் ஆனை சைஸில் ஒரு டப்பா மீன் எண்ணெய் மாத்திரை. கூடவே பூண்டு மாத்திரை, வைட்டமின் ஈ. "அப்பாவுக்கு ஹார்ட்டுக்கு நல்லதாம்" என்பார்கள். யார் சொன்னது? டப்பாதான் சொன்னது!

எங்க ஊர் கோலார் தங்கவயல். ஸ்கெலட்டன் என்று பேர் சொன்னால் இங்கே நியூஜெர்சியில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அங்கே லைன் வீட்டில் இருக்கும் என் பெரியப்பா முப்பது வருஷம் சுரங்கத்தில் இறங்கினவர். பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று தினம் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். துபாயிலிருந்து தம்பி டப்பா அனுப்பின மூணாம் மாசம் இரண்டையும் நிறுத்திவிட்டார். கேட்டால், "டாக்டர் குடுத்தது கெமிக்கலுப்பா, இது மீனு." போன வருஷம் தலை சுற்றி விழுந்தபோது பிரஷர் 200-ஐத் தொட்டிருந்தது.

என் கோபம் பெரியப்பா மேல் இல்லை. "இயற்கை" என்று லேபிள் ஒட்டி விற்கிறவன் மேலும், அதை அன்பு என்று நினைத்து வாங்கி அனுப்புகிற நம்ம மேலும்தான்.

அமெரிக்காவில் 1994-இல் வந்த சட்டப்படி சப்ளிமெண்ட் விற்கிறவர் அது வேலை செய்கிறது என்று விற்பதற்கு முன்னால் அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில், எந்த நோயையும் குணப்படுத்த அல்ல என்று அவர்களே போட்டிருப்பார்கள். முன்பக்கம் மட்டும் சிவப்பு இதயம்!

சரி, ஆராய்ச்சி என்ன சொல்லுது? 2018-இல் வெளியான வைட்டல் ஆய்வில் 25,871 பேர். தினம் 1 கிராம் மீன் எண்ணெய், சுமார் ஐந்து வருஷம். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அதே வருஷம் சர்க்கரை நோயாளிகள் 15,480 பேரிடம் செய்த அசெண்ட் ஆய்விலும் அதே கதை. "ரெட்யூஸ்-இட் ஆய்வில் பலன் வந்ததே" என்று ஒருத்தர் கட்டாயம் கிளம்புவார். வந்தது. ஆனால் அது டாக்டர் சீட்டில் மட்டும் தரும் சுத்திகரித்த மருந்து, தினம் 4 கிராம். ஒப்பிடக் கொடுத்த மினரல் ஆயில் சரியா என்று அதிலும் இன்னும் சண்டை ஓயவில்லை. கூடுதல் அளவு போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து ஏறுகிறது என்பது வேறு.

2022-இல் இன்னொன்று. மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை உட்பட ஆறு சப்ளிமெண்ட்களை ஒரு பக்கமும் 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டினை இன்னொரு பக்கமும் நிறுத்தினார்கள். 28 நாளில் ஸ்டாட்டின் கெட்ட கொழுப்பைச் சுமார் 38 சதவீதம் இறக்கியது. ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைவிட மேலாக இறக்கவில்லை. பூண்டு எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் ஏறிக்கூட இருந்தது. பணம் போட்டது மருந்து கம்பெனி, 28 நாள் போதாது என்று திட்டுகிறார்கள். திட்டலாம். அப்படியானால் ஐந்து வருஷம் நடந்த வைட்டலுக்கு என்ன பதில்?

இதில் பூண்டையும் மஞ்சளையும் நான் குறை சொல்லவில்லை. ரசத்தில் தாராளமாகப் போடுங்க, கேப்ஸ்யூலில் அடைத்து டாலரில் விற்காதீங்க.

சாப்பாட்டுக்கு வருவோம். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி பெரியப்பாவுக்குக் கொடுத்த டயட் சீட்டில் ஓட்ஸ், ஆலிவ் ஆயில், பாதாம். ராகி விளைகிற கோலார் ஜில்லாவில் ஓட்ஸ்! களியும் கீரையும் பயறும் தின்று வளர்ந்தவருக்கு ஆலிவ் ஆயில்! கேட்க வேண்டிய கேள்வி, கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் தினம் எவ்வளவு உள்ளே போகுது என்பது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன். பீடியை நிறுத்தினாரா என்று அந்தச் சீட்டில் ஒரு வரி கிடையாது.

2004-இல் வந்த இண்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் பார்த்து, மாரடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் புகை, கொழுப்பு, பிரஷர், சர்க்கரை போன்ற ஒன்பது விஷயங்கள்தான் என்றது. அதன் தொடர்ச்சியில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு ஐந்தாறு வருஷம் முன்னதாகவே வருவதும் தெரிந்தது. மீன் எண்ணெய்ப் பற்றாக்குறை அந்த ஒன்பதில் இல்லை.

எங்க ஊருக்கு மட்டும் இன்னொரு தலைவலி. பாறைத் தூசி தின்ற நுரையீரல். சிலிகோசிஸ் முற்றினால் இதயத்தின் வலது பக்கமும் திணறும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்பவருக்கு எக்ஸ்ரேயும் எக்கோவும் தேவை. அதற்கு "ஹார்ட்டுக்கு நல்லது" டப்பாவைக் கொடுத்து ஆறு மாசம் ஓட்டுவது கொடுமை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள், கம்பெனி ஆஸ்பத்திரியும் போச்சு. 2021-இல் கொரோனா வந்தபோதுதான் தூசி தட்டித் திறந்தார்கள். அந்த வெற்றிடத்தில்தான் ராபர்ட்சன்பேட்டையில் வீடு வீடாக வந்து பவுடர் விற்கும் ஏஜெண்டும் நம்ம சூட்கேஸும் நுழையுது.

டப்பா வாங்கும் காசுக்கு மேல்கையில் கட்டும் பிரஷர் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுங்க. ஜன் ஔஷதி கடையில் ஸ்டாட்டினும் பிரஷர் மாத்திரையும் மலிவாகவே கிடைக்குது. ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்டியா"வுக்கு அடுத்த கேள்வியாக "மாத்திரை போட்டீங்களா, மெஷின் என்ன நம்பர் காட்டுது"ன்னு கேளுங்க. கால் வீங்குது, உடம்பு வலிக்குது என்று சொன்னால் அவராகவே நிறுத்தவிடாமல் டாக்டரிடம் அனுப்புங்க, மருந்தை மாற்றித் தருவார்.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். "ஆனா சைடு எஃபெக்ட் இல்லையேண்ணா" என்றான். 200 பிரஷர் எதோட எஃபெக்ட்டுடா?