2 வயசுக் குழந்தையோடு இலங்கை டூரா? பாதி ஊர்களை வெட்டுங்க!

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். 'பக்கத்து நாடுதானே' என்று 5 நாளில் கொழும்பு, சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல என எல்லாவற்றையும் அடைத்த பேக்கேஜை வாங்கிவிடுகிறோம். தரையிறங்கிய பிறகுதான் சிக்கலே.

கொழும்பிலிருந்து நுவரெலியா 200 கி.மீ. கூட இல்லை. ஆனால் மலைப்பாதை என்பதால் சுமார் 5 மணி நேரம் ஆகும். சிகிரியாவில் ஏறத்தாழ 1,200 படிகள். குழந்தையை நீங்கதான் தூக்கணும். வாந்தி எடுத்து, தூக்கம் கெட்டு அழுற குழந்தைக்குத் தேயிலைத் தோட்டமும் ஒன்றுதான், தி.நகர் டிராஃபிக்கும் ஒன்றுதான்.

அதனால் ஒரே ஊரில், கிராமத்துப் பக்கமாகத் தங்குவதுதான் சரி. கோழியைத் துரத்துவது, மண்ணில் விளையாடுவது... அந்த வயசுக்கு அதுதான் டூர். யாழ்ப்பாணமோ மலையகமோ என்றால் தமிழிலேயே பேசலாம். ராத்திரி காய்ச்சல் அடிச்சா, அதைவிட நிம்மதி வேறு இல்லை.

இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் டெங்கு இருக்கு. அந்தக் கொசு பகலில் கடிக்கும். பகல் தூக்கத்துக்கும் கொசுவலை கட்டுங்க, முழுக்கைச் சட்டை போடுங்க. நம்ம 108 மாதிரி அங்கே 1990. இந்திய நிதியுதவியோடு 2016-ல் தொடங்கிய இலவச ஆம்புலன்ஸ் சேவை அது. நம்பரை இப்பவே போனில் சேமிச்சுக்கோங்க.

பார்க்காமல் விட்ட சிகிரியா எங்கேயும் போகாது. குழந்தை தானே படியேறும் வயசில் மறுபடி போகலாமே!