ஒரே வெயில், மூன்று எண்கள்

300, 1.36, 946. இம்மூன்றில் எந்த வெயில் கடுமையானது?

எங்கள் வகுப்பில் இக்கேள்வி எழுந்தபோது, நாங்கள் பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் 946 என்றோம். உண்மையில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. தெளிந்த பங்குனி மாத உச்சிப்பொழுதில் நம் கொங்கு நாட்டு மஞ்சள் களத்தில் விழும் வெயிலை இவை மூன்று மொழிகளில் சொல்லுகின்றன. முதல் எண், ஒரு சதுர அடியில் ஒரு மணி நேரத்தில் விழும் வெப்பத்தைப் பிரிட்டிஷ் வெப்ப அலகில் கூறுகிறது. இரண்டாவது, ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு நிமிடத்தில் விழுவதைக் கலோரியில் கூறுகிறது. மூன்றாவது, ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடியில் விழுவதை ஜூலில், அதாவது வாட்டில் கூறுகிறது. இதற்கு வெப்பப் பாய அடர்த்தி என்று பெயர். பெயர்தான் பெரிது, பொருள் எளிது.

இதை நாங்கள் எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஒரு தோழியால். அவள் ஈரோட்டுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். வேகவைத்த மஞ்சளைக் களத்தில் பல நாள் காயவைப்பதற்குப் பதிலாகச் சூரிய உலர்த்தி ஒன்று அமைக்கலாமா என்று அவள் தந்தையார் யோசித்தார். பழைய வேளாண் நூல் ஒன்றில் வெயிலின் அளவு 1.36 கலோரி என்றிருந்தது. உலர்த்தி விற்பவர் தந்த தாளிலோ எல்லாம் வாட். மாற்றித் தரும் பொறுப்பு மகளுக்கு வந்தது. ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதால் 100 ஆல் பெருக்கினாள். விடை 9.5 வாட் என்று வந்தது. தந்தையார் சிரித்துவிட்டார். "ஏங்கண்ணு, உன்ற கணக்கு வெயில்ல ஈரத் துணிகூடக் காயாதே! களத்துல காலை வெச்சுப் பாரு, தெரியும்" என்றாராம்.

பிழை எங்கே? ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர். ஆனால் ஒரு சதுர மீட்டருக்கு 10,000 சதுர சென்டிமீட்டர். அவளை நாங்கள் கேலி செய்யவில்லை. எங்களில் பாதிப் பேர் அதே தவற்றைச் செய்திருந்தோம். வேறுபாடு ஒன்றுதான்: எங்கள் தவறு விடைத்தாளோடு போயிற்று, அவள் தவறு ஒரு குடும்பத்தின் முதலைத் தொட இருந்தது.

மாற்று எண்களை மனப்பாடம் செய்யும் வழக்கத்தை விட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. 3.15, 697 என்று உருப்போட்டவை தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். எதை எதனால் பெருக்குவது என்ற குழப்பம் மட்டும் மிஞ்சும். அதற்குப் பதில் வெப்பம், பரப்பு, நேரம் என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றினால் போதும். 1.36 கலோரி என்பது 5.69 ஜூல். ஒரு சதுர மீட்டருக்கு அதை 10,000 ஆல் பெருக்க 56,900. நிமிடத்தை நொடியாக்க 60 ஆல் வகுக்க 948 வாட். அடுத்து 300 பிரிட்டிஷ் வெப்ப அலகை எடுப்போம். ஓர் அலகு 1055 ஜூல் ஆகையால் 3,16,500. மணியை நொடியாக்க 3600 ஆல் வகுத்து, ஒரு சதுர அடி 0.0929 சதுர மீட்டர் ஆதலால் அதனாலும் வகுக்க 946 வாட். எண்களைச் சுருக்கியதால் வரும் 2 வாட் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

"கைப்பேசியில் தட்டினால் நொடியில் விடை வருமே, இந்தப் பாடு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். கைப்பேசி நாம் கொடுத்த எண்ணைத்தான் மாற்றும். நாம் அலகைத் தவறாகக் கொடுத்தால், தவறான விடையை விரைவாகத் தரும். களத்தில் காலை வைத்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

அலகை மறந்தால் என்ன நேரும் என்பதை உலகம் ஒருமுறை கண்டது. 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஏர் கனடா விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இயந்திரங்கள் ஓய்ந்து, கிம்லி என்னும் ஊரின் பழைய விமானத் தளத்தில் காற்றில் மிதந்தே இறங்கியது. கிலோகிராமில் போட வேண்டிய கணக்கைப் பவுண்டுக்குரிய எண்ணால் போட்டதே அதற்கு முக்கிய காரணம். விமானியின் திறமையால் அனைவரும் உயிர் பிழைத்தனர்.

இக்கலை நமக்குப் புதியதும் அன்று. நம் பாட்டிமார் வள்ளத்தையும் படியையும் அறிந்திருந்தார்கள். பவுனைக் கிராமாக மாற்றத் தெரியாத தாயோ, செண்டைச் சதுர அடியாக்கத் தெரியாத தந்தையோ நம் ஊரில் அரிது. அந்தத் துணிவு அறிவியல் பாடத்தில் மட்டும் நம்மை விட்டு ஏன் விலக வேண்டும்? ஒரு செண்டு களம் சுமார் 40 சதுர மீட்டர். நம் பகுதியில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் விழும் வெயிலைச் சராசரியாக 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம் எனக் கொண்டால், ஒரு செண்டில் விழுவது 200 யூனிட்! வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகள் ஏறிவரும் இக்காலத்தில் இக்கணக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டியதாகும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடமும் அருட்சகோதரியரிடமும் ஒரு வேண்டுகோள்: அலகு எழுதாத விடைக்கு எங்களுக்கு முழு மதிப்பெண் தராதீர்கள். மாற்றிய வழியை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பெற்றோரே, வீட்டுக்கு வரும் விலைத்தாள்களை எங்கள் கையில் கொடுத்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். தோழியரே, விடை வந்ததும் பேனாவை மூடிவிடாமல், "இது நடக்கக்கூடியதா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.

எங்கள் தோழி மறுநாள் கணக்கைத் திருத்திக் கொண்டுபோனாள். தந்தையார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, விற்பவரின் தாளோடு சேர்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். அந்த ஆண்டு அவள் பெற்ற எந்த மதிப்பெண்ணும் அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை.