சுமந்த உடம்பு வேற, வளர்த்த உடம்பு வேற

போன மாசம் ஒரு கருத்தரங்கம். எங்க சேரியில் பையன்களும் பொண்ணுங்களும் எடை தூக்கிப் பழகுகிற கொட்டகையைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னேன். மேடையில் இருந்த முற்போக்குத் தோழர் ஒருவர் சிரித்தார். ‘உழைக்கிற சனத்துக்கு எதுக்குத் தோழர் உடற்பயிற்சி? அது உக்காந்து தின்னு கொழுத்தவன் பண்றது. உங்க உடம்புதான் ஏற்கெனவே இரும்பாச்சே’ என்றார். கூட்டம் கைதட்டியது. பாராட்டாம்.

அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரும்பு உடம்பை நானும் பார்த்திருக்கிறேன், சுவரொட்டியில். திரண்ட புஜம், புடைத்த நெஞ்சு, உயர்த்திய சுத்தியல். எங்கப்பாவுக்கு அந்த உடம்பு ஒருநாளும் இருந்ததில்லை. அவர் அரிசி மில்லில் மூட்டை தூக்கினவர். லாரியிலிருந்து களத்துக்கு, களத்திலிருந்து குடோனுக்கு, 75 கிலோ நெல் மூட்டை. பதினாறு வயசில் தொடங்கி முப்பது வருசம் தூக்கினார். தூக்கத் தூக்க உடம்பு உரமேறும் என்றால் அவர் பயில்வானாகி இருக்க வேண்டும். ஆனது என்ன? ஒட்டின வயிறு. ஒருபக்கம் சாய்ந்த தோள். நாப்பத்தாறு வயசில் குனிந்தால் நிமிர முடியாத இடுப்பு. முடியாமல் போன அன்றைக்கு மில்காரர் மேஸ்திரியிடம் சொன்னது ரெண்டே வார்த்தை: ‘ஆள மாத்து.’

உழைப்பு உடம்பை உரமாக்கும் என்று கவிதை எழுதுகிறவர்கள் ஒருநாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வந்து அந்தக் கவிதையை எழுதட்டும்.

எடைப் பயிற்சியில் தசை எப்படி வளர்கிறது என்று தெரிந்தால் அப்பா ஏன் வளரவில்லை என்பதும் தெரியும். பழகினதைவிடக் கொஞ்சம் கூடுதலான சுமையைத் தசைக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு அதைச் சும்மா விட வேண்டும். தூக்கும்போது தசை வளர்வதில்லை, ஓய்வில்தான் வளர்கிறது. ஒரு நாளோ ரெண்டு நாளோ எடுத்துக்கொண்டு, தின்ற புரதத்தை வைத்து உடம்பு தன்னைக் கெட்டியாகக் கட்டிக்கொள்கிறது. அதன் பிறகு இன்னும் ரெண்டரை கிலோ கூட்டலாம். முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்பு பழகுவதால் வருவது. தசை கண்ணுக்குத் தெரிய மாசக்கணக்கில் ஆகும். நடுவில் விட்டால் கரையும். வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், வருசக்கணக்கில், விடாமல் செய்ய வேண்டும். குறுக்குவழி கிடையாது.

பழங்கிரேக்க மல்லன் மைலோவின் கதையை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஒரு கன்றுக்குட்டியை தினமும் தோளில் தூக்கினானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, கடைசியில் முழு எருதையே தூக்கினானாம். கதைதான். ஆனால் கேட்கிறேன்: எங்கப்பாவுக்குக் கன்றுக்குட்டியை யார் கொடுத்தது? முதல் நாளே முழு எருதைத் தூக்கித் தோளில் வைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்காக, தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் எடைப் பயிற்சியை ஒரு முறையாக்கினார். பத்துத் தடவைதான் தூக்க முடிகிற எடை எது என்று ஒவ்வொருவருக்கும் அளந்தார். பலம் கூடினபோது எடையைக் கூட்டினார். அளந்து கொடுத்த சுமை செத்த காலை எழுப்பியது. அளக்காமல் ஏற்றிய சுமை எழுந்து நின்ற எங்கப்பாவைச் சாய்த்தது.

பயிற்சிக்கு நாலு காரியம் வேண்டும். சுமை எவ்வளவு என்று நான் தீர்மானிக்க வேண்டும். வலித்தால் கீழே வைக்க எனக்கு உரிமை வேண்டும். மறுநாள் ஓய்வு வேண்டும். ராத்திரி வயிறாரச் சாப்பாடு வேண்டும். அப்பாவுக்கு இந்த நாலில் எது இருந்தது? சுமையை முதலாளி தீர்மானித்தார். கூலி மூட்டைக் கணக்கு, அதனால் கீழே வைத்தால் பட்டினி. ஓய்வு மழை பெய்தால்தான். சாப்பாடு கஞ்சி. உடம்பு வளர்வதற்கு எவையெல்லாம் வேண்டுமோ அவையெல்லாம் உரிமைகள் தோழரே. அவற்றைப் பறித்துவிட்டு மிச்சமிருக்கும் சுமையை மட்டும் எங்கள் முதுகில் ஏற்றியதற்குப் பெயர்தான் சாதி.

இது வெறும் ஆவேசம் இல்லை. 1967இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போனால் அதைக் குறைக்க வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்பாவின் மூட்டை அதைவிட 20 கிலோ கூடுதல். 2018இல் ஆய்வாளர்கள் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கு அது. வேலையில் உடம்பைக் கடுமையாக வருத்தும் ஆண்களுக்கு, வருத்தாத வேலை செய்யும் ஆண்களைவிடச் சீக்கிரம் சாகும் ஆபத்து 18 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடற்பயிற்சியோ ஆயுளைக் கூட்டுகிறது. ஒரே உடம்பு, ஒரே அசைவு. யாருக்காக, யார் சொல்லி என்பதில்தான் வித்தியாசம்.

‘அவனுங்க கட்டுமஸ்தான ஆளுங்க, எவ்வளவு வேணா தாங்குவானுங்க’ என்று பண்ணையார் சொன்னார். ‘உங்க உடம்பு இரும்பாச்சே’ என்று தோழர் சொல்கிறார். ரெண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி எங்க கொட்டகை. டவுனில் ஒரு ஜிம்முக்குப் போனோம். பணம் கட்டத் தயாராகத்தான் போனோம். ‘எந்தத் தெரு தம்பி?’ என்றார் நடத்துகிறவர். சொன்னோம். ‘இப்ப இடமில்ல’ என்றார். திரும்பி வந்து பழைய பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி, இரும்புப் பைப்பின் ரெண்டு முனையிலும் செருகினோம். தண்டால், பஸ்கி, தரையிலிருந்து தூக்குவது, தலைக்கு மேல் தள்ளுவது. ஒரு நோட்டில் தேதி போட்டு யார் எவ்வளவு தூக்கினார்கள் என்று எழுதுகிறோம். அந்த நோட்டுதான் எங்கள் வாத்தியார்.

சாப்பாட்டுக்குப் பவுடர் டப்பா வாங்கச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் விலை. பயிற்சி செய்கிற 60 கிலோ ஆளுக்கு ஒருநாளைக்கு 90, 100 கிராம் புரதம் தேவை. வேகவைத்த மாட்டுக்கறி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல் இருக்கிறது. எதைத் தின்றதால் எங்களை இழிவென்றார்களோ அதையே வெள்ளைக்காரன் தசைக்கு ஏற்ற உணவென்று தட்டில் வைத்துத் தின்கிறான். கறி இல்லாத நாளில் முட்டை, கருவாடு, வேர்க்கடலை, சுண்டல். எங்க அம்மாக்கள் வைத்த குழம்பு போதும்.

நம் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. ஊசி போட்டு மூணே மாசத்தில் புஜம் ஏற்றலாம் என்று ஒருத்தன் வருவான். அந்த ஊசி இருதயத்தைக் கெடுக்கும், விதைப்பையைச் சுருக்கும். மீசையையும் புஜத்தையும் காட்டி ‘ஆண்ட பரம்பரை’ என்று திரிகிறவனைப் பார்த்து நகலெடுப்பதற்கு நமக்கு உடம்பு தேவையில்லை. வீட்டில் இருக்கிற பொம்பளையைப் பயமுறுத்தும் புஜம் சாதிக்காரன் புஜம்தான், அது நம் தோளில் முளைத்திருந்தாலும்.

பொம்பளைங்களுக்கு எதுக்கு என்று நம்மாட்களே கேட்டார்கள். 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் ரெண்டரை மடங்குக்கு மேல் கூடியது. தொண்ணூறு வயசில் கூடும் என்றால், நாத்து நட்டு நட்டு இடுப்பொடிந்த அறுபது வயசு அம்மாவுக்கு ஏன் கூடாது? எங்கம்மா இப்போது வாரம் ரெண்டு நாள் வருகிறார். கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறார்.

தசை சாதியை ஒழிக்காது. எனக்குத் தெரியும். கூட்டமாக அரிவாளோடு வருகிறவன் முன்னால் புஜம் நிற்காது; அதற்கு அமைப்பு வேண்டும், சட்டம் வேண்டும், போராட்டம் வேண்டும். ஆனால் கொட்டகைக்கு வரும் தம்பி ஒருத்தன் கட்டட வேலைக்குப் போனான். மேஸ்திரி ரெண்டு சிமெண்ட் மூட்டையை ஒன்றாக ஏற்றப் பார்த்தார், நூறு கிலோ. ‘ஒண்ணுதாண்ணே எடுப்பேன்’ என்றானாம். தூக்க முடியாமல் இல்லை. அளவு என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஒருநாள் அப்பா கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்துத் தடவை தூக்கிவிட்டுக் கீழே வைத்தேன். ‘ஏண்டா வச்சிட்ட?’ என்றார். ‘போதும்ப்பா’ என்றேன். ‘போதும்னா வச்சிரலாமா?’ என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நெசமாகவே தெரியாமல் கேட்டார்.

கைதட்டின தோழர்களுக்கு அழைப்பு. எங்க கொட்டகைக்கு வாங்க. முதல் நாள் வெறும் பைப்பை மட்டும்தான் தருவோம். நாங்க எருதைத் தூக்கி யார் தோளிலும் வைக்கிறதில்லை.