அறிவுரை போதும், ஏற்பாடு வேண்டும்

நம் அலுவலகங்களில் ஒருவகை ஊழியருக்கு அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே இருப்பதில்லை. சிக்கலான பிரச்சினையைச் சட்டென்று பிடித்துக்கொள்வார். ஆனால் மாதக் கடைசியில் அனுப்ப வேண்டிய எளிய அறிக்கை அவர் மேஜையிலேயே கிடக்கும். கூட்டம் தொடங்கிய பிறகுதான் வந்து சேருவார். அனுப்பிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கும் மின்னஞ்சல் பாதி எழுதியபடி நிற்கும். முதலில் மேலாளர் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார், பிறகு ஹெச்.ஆர். பேசுவார், அதற்குப் பிறகு மெமோ வரும். இப்படிப்பட்ட எல்லோருக்கும் அல்ல, ஒரு பகுதியினருக்கு ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு - மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு இருக்கிறது. அறிவுரை அவர்களிடம் ஏன் பலிப்பதில்லை என்பதற்கான விடை அந்தக் குறைபாட்டின் தன்மையிலேயே இருக்கிறது. மருத்துவத் துறைக்கு இது புதிய செய்தி அல்ல. நம் அலுவலகங்களுக்கும் சட்டத்துக்கும்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

இது பிள்ளைகளுக்கு வருவது, வளர்ந்தால் சரியாகிவிடும் என்றே வெகுகாலம் நம்பப்பட்டது. வகுப்பில் உட்கார மாட்டாத துறுதுறுப் பையனைத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். வயது ஏற ஏற ஓட்டமும் குதிப்பும் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன, உண்மைதான். வேலையைத் தொடங்குவதில், தொடங்கியதை முடிப்பதில், ஒரு காரியத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணிப்பதில் உள்ள சிரமம் பலருக்கு அடங்குவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட ஐந்தாவது நோயறிதல் கையேட்டில்தான், 17 வயதைத் தொட்டவர்களுக்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதில் ஐந்து போதும் என்று அளவுகோல் மாறியது. உலக ஏடிஹெச்டி கூட்டமைப்பின் 2021-ம் ஆண்டு ஒருமித்த அறிக்கை, பெரியவர்களில் சுமார் 2.5 சதவீதத்தினருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாகக் கணிக்கிறது. வேலைபார்க்கும் இடத்தில் இதன் விலை என்ன என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் மனநலக் கணக்கெடுப்புகளை வைத்துப் பத்து நாடுகளின் ஊழியர்களிடம் செய்யப்பட்டு, 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஊழியர்களில் 3.5 சதவீதத்தினர் ஏடிஹெச்டி உள்ளவர்கள்; மற்ற வகைகளில் தங்களையொத்த சக ஊழியர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 22 நாள் உழைப்பைக் கூடுதலாக இழக்கிறார்கள். அவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் சொற்பம். இந்தியா அந்தப் பத்து நாடுகளில் இல்லை. மெக்சிகோவும் கொலம்பியாவும் லெபனானும் இருந்தன; ஆகவே இதைப் பணக்கார நாடுகளின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்த 22 நாளை மீட்க அறிவுரை ஏன் உதவாது? ஏடிஹெச்டியை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி ஒரு வேறுபாட்டைத் திரும்பத் திரும்ப வலியுறுத்திவந்திருக்கிறார்: இந்தக் குறைபாடு உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்ய முடியாததுதான் சிக்கல். அறிவுரை என்பது தெரியாதவருக்குத் தெரியப்படுத்துவது. இங்கே குறை தெரிவதில் இல்லை. தூரத்தில் இருக்கும் பலனோ தண்டனையோ இந்த மூளையை இழுப்பதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் இழுக்கிறது. அதனால்தான் மூன்று வாரம் தொடாத அறிக்கையைக் கெடு முடிவதற்கு முந்தைய இரவு உட்கார்ந்து நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். அந்த இரவுதான் அவர்களுக்கு எதிரான பெரிய சாட்சியாகவும் ஆகிவிடுகிறது. ‘நினைத்தால் செய்ய முடிகிறதே, அப்படியானால் மற்ற நாளெல்லாம் அலட்சியம்தானே’ என்று மேலாளர் முடிவுகட்டுகிறார். ஒருநாள் முடிந்தது இன்னொரு நாள் முடியாமல் போகும் இந்த ஏற்ற இறக்கமே குறைபாட்டின் அடையாளம். அதையே ஒழுக்கக் குறைவுக்கு ஆதாரமாக வாசிக்கிறோம். ஏடிஹெச்டி வருவதில் மரபணுக்களின் பங்கு எழுபது சதவீதத்துக்கு மேல் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. மெமோவால் மாறக்கூடிய சங்கதி அல்ல இது.

ஆகவே உதவி, வேலை நடக்கும் இடத்திலும் நேரத்திலும் இருக்க வேண்டும். ஸ்டீவன் சாஃப்ரனும் சகாக்களும் 2010-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மருந்து எடுத்துக்கொண்டும் அறிகுறிகள் முழுதாகத் தீராத 86 பெரியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஏடிஹெச்டி பற்றிய விளக்கமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். இன்னொரு குழுவுக்கு நாட்காட்டியையும் பணிப் பட்டியலையும் விடாமல் கையாள்வது, பெரிய வேலையைத் துண்டுகளாக வெட்டுவது, கவனம் சிதறும் சூழலை முன்கூட்டியே மாற்றிவைப்பது ஆகியவற்றில் பயிற்சி. இரண்டாவது குழுவில் கணிசமாகத் தேறியவர்கள் முதல் குழுவைப் போல இரு மடங்கு. விளக்கமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றவர்களைவிட ஏற்பாடு பெற்றவர்கள் முன்னேறினார்கள். மருந்தின் பங்கும் சிறியதல்ல. ஸ்வீடனில் ஏடிஹெச்டி உள்ள சுமார் 17,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்வில், மருந்து எடுத்த காலங்களில் ஆண்களுக்குக் கடுமையான சாலை விபத்தில் சிக்கும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது; எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், சீட்டு எழுதுபவரைக் கண்டுபிடிப்பதே பலருக்குப் பெரும்பாடு. மருந்து கிடைத்தாலும் அது கவனத்தைக் கூட்டும். கோப்புகளை வரிசைப்படுத்தித் தராது.

அலுவலகம் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. வாய்மொழி உத்தரவை எழுத்தில் தருவது, மாதக் கெடுவை வாரக் கெடுக்களாகப் பிரிப்பது, குறிப்பிட்ட நாளில் பத்து நிமிடம் உட்கார்ந்து நிலுவையைப் பார்ப்பது, இரைச்சலில்லாத மூலையில் இடம் தருவது, முடிந்த இடங்களில் வரும் நேரத்தைச் சற்றுத் தளர்த்துவது, அவ்வளவுதான். இதெல்லாம் மேல்நாட்டுச் சலுகை என்று நினைப்பவர்கள் நம் அரசு அலுவலக நடைமுறையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு எழுத்தருக்கும் ஒரு தன்பதிவேடு. வந்த தாள் ஒவ்வொன்றும் அதில் ஏற வேண்டும். என்ன நடவடிக்கை, எப்போது நினைவூட்டு என்று குறிக்க வேண்டும். கண்காணிப்பாளர் அதைக் குறித்த இடைவெளியில் வாங்கிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிய அறிக்கைகளுக்குக் காலமுறைப் பதிவேடு தனியாக உண்டு. ஊழியரின் நினைவாற்றலை நம்பி நிர்வாகம் நடத்தக் கூடாது என்று தெரிந்தவர்கள் வகுத்த முறை அது. இன்றைய தனியார் அலுவலகம் அந்தச் சாரத்தையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் எட்டு வேலையை அள்ளிப் போட்டு, ‘நீங்களே ஓனர்ஷிப் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறது. மற்றவர்கள் சமாளித்துவிடுகிறார்கள். ஏடிஹெச்டி உள்ளவர் அங்கேதான் விழுகிறார்.

இதற்கு முதலில் வரும் ஆட்சேபம், செல்போன் யுகத்தில் யாருக்குத்தான் கவனம் சிதறவில்லை என்பது. ரீல்ஸ் பார்த்துவிட்டுத் தனக்கும் இதுதான் என்று சொல்லித் திரிபவர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆட்சேபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73-ல் பிறந்த சுமார் ஆயிரம் பேரை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்துவரும் ஆய்வு 2015-ல் ஒரு சங்கடமான முடிவைச் சொன்னது: 38 வயதில் ஏடிஹெச்டி அறிகுறிகளோடு இருந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுவயதில் அது இருந்ததற்கான தடயமே இல்லை. பின்னர் வந்த அமெரிக்க ஆய்வு, இப்படித் தாமதமாகத் தோன்றும் அறிகுறிகளில் பெரும்பகுதிக்குப் போதைப் பழக்கமோ வேறொரு மனநலப் பிரச்சினையோ காரணம் என்று கண்டது. தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு எல்லாமே இந்த வேடம் போடக்கூடியவை. அதனால்தான் மருத்துவர் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிகின்றனவா, வாழ்க்கையை உண்மையில் குலைக்கின்றனவா என்று துருவிக் கேட்கிறார். பொய்யான நோயறிதலுக்கு மருந்து, கவனமான நோயறிதல். காய்ச்சல் என்று பொய் சொல்லி விடுப்பு எடுப்பவர்கள் இருப்பதால் காய்ச்சலே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. ஒருவருக்கு வளைந்துகொடுத்தால் அவர் வேலையும் பக்கத்து மேஜைக்காரர் தலையில்தானே விழும்? விழக் கூடாது, விழுந்தால் அது ஏற்பாட்டின் தோல்வி. நான் கேட்பது இலக்கைக் குறைக்கச் சொல்லி அல்ல, இலக்கை அடையும் வழியை மாற்றச் சொல்லி. எழுத்தில் உத்தரவு கொடுப்பதால் பக்கத்து மேஜைக்காரர் எதையும் இழப்பதில்லை. அவருக்கும் சேர்த்தே அது நல்லது. எல்லாம் செய்த பிறகும் ஒருவரால் ஒரு குறிப்பிட்ட வேலையைப் பார்க்க முடியவில்லை என்றால், வேறு பணிக்கு மாற்றுவதில் தவறில்லை. ஒரு நொடிக் கவனம் தவறினால் உயிர் போகும் வேலைகள் இருக்கின்றன. அங்கே பரிவுக்கும் எல்லை உண்டு. எதிர்ப்பக்கத்து மிகையையும் நான் ஏற்கவில்லை. ஏடிஹெச்டி ஒரு வரம், தொழில்முனைவோரின் ரகசிய ஆயுதம் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். பிரிட்டனில் ஏடிஹெச்டி கண்டறியப்பட்ட 30,000 பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2025-ல் வெளியான ஆய்வு, அவர்களின் ஆயுட்கால எதிர்பார்ப்பு ஆண்களுக்கு ஏறக்குறைய ஏழு ஆண்டும் பெண்களுக்கு எட்டரை ஆண்டும் குறைவு என்கிறது. வரம் என்று பேசுவதும் இன்னொரு வகையில் உதவியைத் தட்டிக்கழிப்பதுதான்.

பெண்களுக்குக் கூடுதல் இழப்பு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடியாடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமியை எந்த ஆசிரியரும் மருத்துவரிடம் அனுப்பச் சொல்வதில்லை. அவள் அமைதியான பிள்ளை. பிற்காலத்தில் வீட்டின் நினைவு முழுவதும், பள்ளிக் கட்டணத் தேதி முதல் மாமியாரின் மாத்திரை வரை, அவள் தலையில்தான் ஏற்றப்படுகிறது. கணவன் மறந்தால் வேலைப்பளு, மனைவி மறந்தால் பொறுப்பின்மை.

இனி சட்டத்துக்கு வருவோம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு, ஏடிஹெச்டி இல்லை. மனநோய் என்ற பிரிவில் நுழையலாம் என்றால், தீர்மானிக்கும் திறனையோ நடத்தையையோ அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறனையோ கடுமையாகக் குலைக்கும் நோய் என்று நிரூபிக்க வேண்டும். வேலையில் நீடிக்க உதவி கேட்பவர் அப்படி ஒரு சான்றிதழை எப்படி நீட்டுவார்? அதே சட்டம் அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு நியாயமான வசதிகள் செய்துதர வேண்டும் என்கிறது. எழுதும்போது கை இறுகிப்போகும் பாதிப்புடைய ஒரு குடிமைப் பணித் தேர்வர் தொடுத்த வழக்கில், 40 சதவீதக் குறைபாட்டு வரம்புக்குள் வராதவருக்கும் அந்த வசதி உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில், மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், மனநலக் குறைபாடு உள்ளவர்மீது அது தொடர்பான நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவது மறைமுகப் பாகுபாட்டின் வடிவம் என்றது. ஒழுங்கு நடவடிக்கைக்கான ‘17-பி’ மெமோவைக் கையில் எடுக்கும் அதிகாரிகள் வாசிக்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் ஒவ்வொரு ஊழியரும் உச்ச நீதிமன்றம் வரை போய்க்கொண்டிருக்க முடியாது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் மேலாளரிடம் வாய்திறந்து சொல்லவே துணிவு வரும். அதற்கு நாடாளுமன்றத்தில் திருத்த மசோதா தேவையில்லை. மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும், அதை மாநில அரசும் பரிந்துரைக்கலாம் என்று 99-வது பிரிவு சொல்கிறது. தமிழ்நாடு அரசு அந்தப் பரிந்துரையை அனுப்ப வேண்டும்.