தகரப் பெட்டிக்குள் கிடக்கும் வரலாறு

போன தவணையில் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய படத்தைப் போனில் காட்டினோம். வெள்ளைக்காரர் காலத்துத் தபாலட்டை. கொழுந்துக் கூடையோடு வரிசையாகப் பெண்கள், ஓரத்தில் கோட்டுப் போட்ட கங்காணி. கீழே 'தமிழ்க் கூலிகள்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கங்காணி காலில் மட்டும் ஏன் சப்பாத்து என்று ஒரு பிள்ளை கேட்டாள். "ஒருத்தருக்கும் பேர் போடலியே சேர்?" என்றான் இன்னொருவன். பாடம் அங்கேதான் தொடங்கியது.

இப்படியான படங்கள் இணையத்தில் நிறைய உண்டு. 2008இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தோடு சேர்ந்து பிளிக்கர் தளம் பழைய படங்களுக்கென ஒரு பொதுப் பகுதியைத் திறந்தது. பிறகு பல நாட்டு நூலகங்களும் அதில் சேர்ந்தன. 1879இல் இலங்கையிலேயே இறந்த ஜூலியா மார்கரெட் கெமரன் களுத்துறைப் பக்கம் எடுத்த தோட்டத் தொழிலாளர் படங்களையும் இணையத்தில் பார்க்கலாம். எடுத்தவர் பெயர் உலகத்துக்கே தெரியும். நிற்பவர்கள் பெயர் தெரியாது.

துரைமார் பக்கத்துப் படங்களை மட்டும் காட்டினால் பிள்ளைகள் துரையின் கண்ணால்தான் தங்கள் பாட்டியைப் பார்ப்பார்கள். அதனால் வீட்டுப் படங்களையும் தேடச் சொன்னோம். கூகுள் போட்டோஸில் வகுப்புக்கென ஓர் அல்பம் திறந்தோம். ஒவ்வொரு படத்தின் கீழும் யார், எங்கே, எந்த வருஷம், சொன்னவர் யார் என்று எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும்.

ஒரு மாணவி கொண்டுவந்த படத்தில் லயத்து வாசலில் பதினொரு பேர். இந்தியாவுக்குப் போவதற்கு முதல் நாள் எடுத்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கு போட்டார்கள். மீதி 150,000 பேரின் கணக்கை 1974இல் தீர்த்தார்கள். புத்தகத்தில் இது வெறும் எண். அந்தப் படத்தில், போகிறவர் யார், நிற்கிறவர் யார் என்று வகுப்பே விரல் வைத்துத் தேடியது. இரண்டு முகங்களை யாருக்கும் தெரியவில்லை. அல்பத்தின் இணைப்பைக் கோத்தகிரியிலுள்ள உறவினருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். மூன்றாம் நாள் இரண்டு பெயரும் வந்தன. ஒருவர் அந்த மாணவியின் பாட்டிக்குத் தங்கை.

பரீட்சைக்கு இது வருமா என்று கேட்கும் பெற்றோரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் 1948 குடியுரிமைச் சட்டத்தை மனப்பாடம் செய்து மறந்த பிள்ளைகள், இந்தப் படத்துக்குப் பிறகு அதை மறக்கவில்லை.

போன் பயமும் நியாயமானதுதான். அல்பத்தை இணைப்பு உள்ளவர்கள் மட்டுமே பார்க்க முடியும். அடையாள அட்டை, பழைய பாஸ்போர்ட் இலக்கங்கள் தெரியும் படங்களைப் போட மாட்டோம். வீட்டார் சம்மதிக்காத படமும் ஏறாது.

டேட்டா காசு இப்போது ஆசிரியர்கள் கையிலிருந்து போகிறது. மாவட்டக் காரியாலயத்துக் கணினியையும் ஸ்கேனரையும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சங்கம் முடிவெடுக்க வேண்டும். கூரை ஒழுகும் லயத்தில் படங்கள் அதிக மழைக்காலம் தாங்காது.

அடுத்த தவணைக்கு மே தின ஊர்வலம், வேலைநிறுத்தப் படங்கள் தேவை. வைத்திருப்பவர்கள் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் வீட்டுக்கே வந்து போனில் பிடித்துக்கொள்வார்கள். படம் உங்கள் பெட்டியிலேயே இருக்கும்.